தூளி மாட்ட கொக்கி இல்லாத ரூம்

வணக்கம் சார்,

உங்க பயணக் கட்டுரைங்க நிறைய படிச்சிருக்கேன். ஆனா அதுல எல்லாம் நீங்க தனியா போறீங்க, ஒரு பை, ஒரு கேமரா, முடிஞ்சது. எங்க கதை வேற. பொண்ணுக்கு ஒரு வயசு எட்டு மாசம். குரோம்பேட்டைல இருக்கோம், ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம். பாப்பா பொறந்ததுலேர்ந்து சொந்தக்காரங்க கல்யாணத்தைத் தவிர வேற எங்கயும் போகல. "ரிலாக்ஸா ஒரு நாலு நாள் போயிட்டு வரலாம்"னு பொங்கல் லீவுக்கு பேச்சு ஆரம்பிச்சது. இப்ப அது எக்செல் ஷீட்டா ஆயிடுச்சு. முதல் நாள் கார்ல பழனி, அங்க மொட்டை (அத்தையோட வேண்டுதல்), ரெண்டாவது நாள் கொடைக்கானல், மூணாவது நாள் மூணார், நாலாவது நாள் ரிட்டர்ன். மாமனார், மாமியாரும் வராங்க. எனக்கு அந்த ஷீட்டைப் பாத்தாலே டயர்டா இருக்கு சார். பாப்பா தூளில மட்டும்தான் தூங்குவா, வெளிய எதுவும் சாப்பிட மாட்டா. பேசாம வீட்டுலயே இருந்துடலாம்னு தோணுது, ஆனா எனக்கும் எங்கயாவது போகணும் போலத்தான் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருந்தாங்க)

—

வணக்கம்மா,

உங்க லெட்டரை மொதல்ல என் வீட்டம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், ஏன்னா குழந்தையோட டூர் போறதுல எனக்கு அனுபவம் இருக்குன்னு நான் இத்தனை வருஷம் நெனச்சுட்டு இருந்தேன். 2003ல எங்க பொண்ணுக்கு ரெண்டரை வயசு இருக்கறப்ப ஒரு டாடா சுமோல ஒம்பது பேர் கொடைக்கானல் போனோம். வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் அவ ரெண்டு தடவ வாந்தி எடுத்தா, வெள்ளி அருவிகிட்ட வண்டிய நிறுத்தி கழுவினோம், அப்புறம் தூண் பாறை பாக்கப் போனா ஒரே மூடுபனி, தூணும் தெரியல பாறையும் தெரியல, ராத்திரி முழுக்க குளிர்ல அவ தூங்கல. ரெண்டு நாள்ல எட்டு பாயிண்ட் பாத்தோம்னு ஊர்ல வந்து பெருமையா சொன்னது நான்தான். அது பத்தி வீட்டம்மா அப்ப ஒண்ணுமே சொல்லல. உங்க லெட்டரைக் கேட்டுட்டு இப்ப சொல்றாங்க, "அது உங்களுக்கு டூரு. நான் வீட்ல செய்யற அதே வேலைய ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு செஞ்சேன்." இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஆல்பத்த எடுத்துப் பாத்தேன், ஒரே ஒரு போட்டோல மட்டும் இருக்காங்க, கைல பிளாஸ்டிக் கவரோட.

அதனால உங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்க வேண்டிய மொத கேள்வி எந்த ஊருன்னு இல்ல. ரிலாக்ஸ்னா யாருக்கு ரிலாக்ஸ்? இப்ப இருக்கற பிளான்ல அது யாருக்கும் கிடையாது, ஓட்டற அவருக்கே கிடையாது. கணக்கு பாருங்க, சென்னைலேர்ந்து பழனி 450 கிலோமீட்டருக்கு மேல. அதுவும் தை மாசம், தைப்பூசத்துக்கு பாதயாத்திரை வர்ற ஜனம் ரோடு பூரா நடந்துட்டு இருக்கற சமயம். கொடைக்கானல்லேர்ந்து மூணாருக்கு மேப்ல பாத்தா பக்கத்துல இருக்கற மாதிரி தெரியும், ஆனா ஒரு மலைய முழுசா எறங்கி தேனி, போடி வந்து போடிமெட்டு வழியா இன்னொரு மலைய முழுசா ஏறணும். கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துலேர்ந்து ஐகோர்ட் உத்தரவால ஈ-பாஸ் வேற எடுக்கணும். ஜனவரி ராத்திரில அங்க பத்து டிகிரிக்கும் கீழ போகும். மொட்டை அடிச்ச தலையோட ஒரு குழந்தைய மறுநாளே அந்தக் குளிருக்குக் கூட்டிட்டுப் போறதா? அத்தைகிட்ட இதை மட்டும் சொன்னா போதும், அவங்களே வேண்டாம்பாங்க. மொட்டை வேண்டுதல்னா அதுக்குன்னு தனியா ஒரு தடவ பழனி போங்க, படி 693, விஞ்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு, அன்னைக்கு அது ஒண்ணு மட்டும் வேலை. ரெண்டையும் கலக்காதீங்க.

என்னோட யோசனை தரங்கம்பாடி, மயிலாடுதுறை பக்கத்துல இருக்கற கடலோர ஊரு. ஒரே ஊரு, ஒரே ரூமு, ரெண்டு ராத்திரி. கோவிச்சுக்காதீங்க, மூணு ராத்திரி கூட வேண்டாம், சின்னப் புள்ளைக்கு வீட்டு ஞாபகம் வந்து சிணுங்க ஆரம்பிக்கறதுக்குள்ள திரும்பிடலாம்.

பொங்கல் லீவுல போகாதீங்க. காணும் பொங்கல் அன்னைக்கு எந்தக் கடற்கரைலயும் கால் வைக்க முடியாது. உங்க பொண்ணு இன்னும் ஸ்கூல் சேரல பாருங்க, இது எவ்வளவு பெரிய வசதின்னு ஸ்கூல் சேத்தப்புறம்தான் தெரியும், உங்களால ஜனவரி கடைசிலயோ பிப்ரவரிலயோ ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பி வியாழக்கிழமை திரும்ப முடியும். மழை முடிஞ்சிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, ரூம் வாடகையும் வார நாள்ல கம்மியா கிடைக்க வாய்ப்பிருக்கு. ஆபீஸ்ல ரெண்டு பேரும் மூணு நாள் லீவு போடணும், அது ஒண்ணுதான் செலவு.

கார் வேண்டாம், ரயில். மயிலாடுதுறை போற பகல் நேர ரயில்ல தாம்பரத்துலயே ஏறிக்கலாம், எழும்பூர் வரைக்கும் போக வேண்டியதில்ல. பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆகற வரைக்கும் டிக்கெட்டே கிடையாது, தனி சீட் வேணும்னாதான் பெரியவங்களுக்கு ஆகற முழு டிக்கெட் காசு கேப்பாங்க. என்னைக் கேட்டா அந்தக் காசைக் குடுத்து ஒரு சீட் வாங்கிடுங்க, அஞ்சு மணி நேரம் மடில வச்சிருக்கறது யாரு மடின்னு நமக்கெல்லாம் தெரியும். கார்ல போனா புள்ளைய ஒரே எடத்துல உக்கார வைக்கணும், ரயில்ல நடக்க விடலாம், ஜன்னல்ல மாடு காட்டலாம், சுண்டல்காரர் வருவார், எதிர் சீட்டு பாட்டி கொஞ்ச நேரம் தூக்கி வச்சுப்பாங்க. மயிலாடுதுறைல எறங்கினா அங்கேருந்து முப்பது கிலோமீட்டர் மாதிரிதான், ஒரு டாக்ஸி சொல்லி வச்சுடுங்க.

தரங்கம்பாடில பாக்க என்ன இருக்குன்னு உங்க வீட்டுக்காரர் கேப்பாரு. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட எடம் வாங்கி டேனிஷ்காரங்க 1620ல கட்டின கோட்டை இருக்கு, கடல் பாத்த மாதிரி. சீகன்பால்க்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் 1706ல வந்து எறங்கி பைபிளோட புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்ச ஊரு. 1845ல டேனிஷ்காரங்க இங்கிலீஷ்காரங்ககிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. மாசிலாமணி நாதர் கோயில்னு பாண்டியர் காலத்துது ஒண்ணு, முன்பக்கத்தைக் கடல் தின்னுட்டுப் போயிருக்கு. அவ்வளவுதான், எல்லாமே ஒரே தெருவுல நடக்கற தூரம், இதுக்காகத்தான் சொல்றேன். "இன்னும் பாக்கணும்"னு ஒரு பாயிண்டும் மிச்சம் இருக்காது. பூம்புகார் பக்கம்தானே, காரைக்கால் பக்கம்தானேன்னு எக்செல்ல புதுசா ரோ சேக்க விடாதீங்க. (ஓசோன் காத்து அதிகமா இருக்கற ஊருன்னு அங்க பெருமையா சொல்வாங்க, ஓசோனை நேரா மூச்சுல இழுத்தா நுரையீரலுக்கு ஆகாது, அதனால அதைக் கடல் காத்துன்னே வச்சுக்குவோம்.)

இப்ப தூளி. உங்க லெட்டர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த வரிதான், ஏன்னா நாங்க கொடைக்கானல்ல லாட்ஜ் ரூம்ல விட்டத்தைப் பாத்துட்டு நின்ன ஞாபகம் வந்துச்சு, ஃபேனைத் தவிர ஒரு கொக்கி கிடையாது. எந்த ஹோட்டல்லயும் இருக்காது. ஃபேன் கொக்கில கட்டலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க. ஸ்டாண்டு தூளி தூக்கிட்டுப் போறவங்க இருக்காங்க, ரயில்ல அதுக்கே தனியா ஆள் வேணும். கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வீட்டுல மத்தியானத் தூக்கத்தை மட்டும் பாய்ல பழக்குங்க, ராத்திரி தூளியே இருக்கட்டும். மொத மூணு நாலு நாள் அழுவா. தூளி கட்டற அந்தப் பழைய சேலைய பாய்மேல விரிச்சு, தட்டிக் குடுத்துட்டே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா வருவா. அதே சேலைய துவைக்காம ஊருக்கு எடுத்துட்டுப் போங்க, வாசனைதான் பாதி தூக்கம். ரூம்ல கட்டில்ல படுக்க வைக்காதீங்க, ஹோட்டல் கட்டிலெல்லாம் உயரம், எக்ஸ்ட்ரா மெத்தை ஒண்ணு வாங்கி தரைல சுவரோரமா போட்டுடுங்க. காவிரி டெல்டா கொசு பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, குடை மாதிரி விரியற கொசுவலை ஒண்ணு கண்டிப்பா.

ஆன்லைன்ல போட்டோ பாத்து ரூம் போடாதீங்க, போன் பண்ணிக் கேளுங்க. தரைத்தளமா, பால்கனி இருந்தா கம்பிக்கு நடுவுல புள்ள தலை போற இடைவெளி இருக்கா, நீச்சல் குளம் இருந்தா அதுக்குக் கதவு உண்டா, காலைல ஆறு மணிக்கு சூடா பால் கிடைக்குமா. முக்கியமா பாத்ரூம்ல பக்கெட்டும் மக்கும் உண்டான்னு கேளுங்க, ஷவரைத் தொறந்தா இந்த வயசுப் புள்ளைங்க நிறைய அலறும். எத்தனை மணிக்கு ரூம் குடுப்பாங்கன்னும் கேட்டு ரயிலுக்கு ஏத்த மாதிரி பேசிக்கோங்க, லாபில புள்ளையோட ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கறது தனி தண்டனை.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க. ரெண்டு நாள் கம்மியா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, தண்ணியும் பாலும் உள்ள போனா போதும். ஒரு சின்ன எலக்ட்ரிக் கெட்டில், வீட்டுல வறுத்து அரைச்ச கஞ்சி மாவு, வாழைப்பழம். இட்லி எல்லா ஊர்லயும் இட்லிதான். ஓஆர்எஸ் பாக்கெட் ரெண்டு, அவ எடைக்கு டாக்டர் எழுதிக் குடுத்த காய்ச்சல் மருந்து, மாத்து டிரஸ் நீங்க நெனக்கறதுல ரெண்டு மடங்கு. மத்ததெல்லாம் பக்கத்து ஊரு பொறையார்லயே கடையில கிடைக்கும்.

அங்க போய் என்ன பண்றதுன்னு கேட்டா, ஒண்ணும் பண்ண வேண்டாம். கிழக்குக் கடற்கரை, சூரிய உதயம் பாக்க அலாரம் வைக்க வேண்டியதில்ல, பாப்பாவே எழுப்பிடுவா. வெயில் ஏறறதுக்குள்ள மணல்ல ஒரு டப்பாவும் கரண்டியும் குடுத்து விளையாட விடுங்க. பதினோரு மணிக்கு மேல ரூம், குளியல், சாப்பாடு, தூக்கம். அந்தத் தூக்கம்தான் மொத்த டூருக்கும் அச்சாணி, அதை எதுக்காகவும் தள்ளிப் போடாதீங்க, கோட்டை நானூறு வருஷமா அங்கயேதான் இருக்கு, நாலரை மணிக்குப் போனாலும் இருக்கும். அவளுக்குக் கோட்டைய விட அங்க படுத்திருக்கற நாய் பிடிக்கும், விடுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நான் விளையாட்டா பேச மாட்டேன். கடல். அலை வந்து காலை நனைச்சா போதும், அதுவும் கையப் பிடிச்சுக்கிட்டு. நாலு பெரியவங்க இருக்கீங்களே, அப்பதான் ஆபத்து ஜாஸ்தி, ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் பாத்துக்கறாங்கன்னு நெனச்சுக்குவாங்க. "இப்ப என் முறை"ன்னு ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லணும், முறை மாத்தும்போதும் சொல்லணும், முறைல இருக்கறவங்க கைல போன் இருக்கக் கூடாது.

மாமனார், மாமியார் வர்றதை நீங்க தொந்தரவு மாதிரி எழுதியிருக்கீங்க, நேராச் சொல்லலைன்னாலும் எனக்குப் புரிஞ்சுது. என் வீட்டம்மா அங்கதான் என்னை நிறுத்தினாங்க. "அவங்க வந்தாதான் அந்தப் பொண்ணு தூங்க முடியும்"னாங்க. திருக்கடையூர் அங்கேருந்து ரொம்பப் பக்கம், அபிராமி அம்மன் கோயில், அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம்னு எப்ப போனாலும் ரெண்டு மூணு ஜோடி மாலையோட நிக்கும், அத்தைக்கு அது பழனி போன திருப்தில முக்கால்வாசி குடுத்துடும். ரெண்டாவது நாள் சாயந்தரம் பாப்பா தூங்கி எழுந்ததும் உங்க வீட்டுக்காரர், மாமா, அத்தை, பாப்பா நாலு பேரும் ஒரு வண்டில திருக்கடையூர் போகட்டும். அங்க யானை இருந்தா பாப்பாவுக்கு வேற எதுவும் வேண்டாம். நீங்க போகாதீங்க. டயப்பர் பையை யாரு தூக்கறது, பால் பாட்டில் எங்க இருக்குன்னு போன் வந்தா ஒரு தடவ மட்டும் எடுங்க. கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க, இல்ல கடல் முன்னாடி ஒரு டீயோட சும்மா உக்காருங்க. எழுந்து பாக்கறப்ப மூணு மணி நேரம் ஆகியிருந்தா அதுக்காக யாருகிட்டயும் சாரி கேக்க வேண்டாம்.

இன்னொண்ணு, பிளான் மாறினதை அத்தைகிட்ட நீங்க சொல்லாதீங்க. எக்செல் போட்டவரையே சொல்லச் சொல்லுங்க.