நேபாளத்துக்குத் தனியாக, ஒரு வேலையாக: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு வழிகாட்ட ஆயிரம் பேர் உண்டு. தொண்டு, பயிற்சி, நேர்த்திக்கடன் என்று ஏதோ ஒரு நோக்கத்தோடு தனியாகக் கிளம்புகிறவர்களின் கடிதங்கள் இந்த மாதம் அதிகம். எல்லாமே நேபாளம் பற்றியவை என்பதால் ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

காத்மாண்டுவில் உள்ள ஒரு அனாதை இல்லத்தில் இரண்டு மாதம் தொண்டு செய்ய ஒரு ஏஜென்சி மூலம் போகிறேன். தங்குமிடம், சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டணம் கேட்கிறார்கள். முன்பணம் கட்டலாமா?
*கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்*

கட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

நேபாளத்தில் 'அனாதை' இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தந்தையோ, சிலருக்கு இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போர்க்காலத்தில் ஹும்லா போன்ற மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். "காத்மாண்டுவில் நல்ல பள்ளிக்கூடம், விடுதி" என்று சொல்லிப் பெற்றோரிடமே காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். போர் முடிந்தது, தொழில் முடியவில்லை. இந்த இல்லங்கள் ஏழ்மை மிகுந்த மாவட்டங்களில் இருக்கின்றனவா என்றால் இல்லை. காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்ரா, சித்வன் என்று வெளிநாட்டுப் பயணிகள் வரும் இடங்களிலேயே குவிந்திருக்கின்றன. ஏன் என்று நீங்களே ஊகிக்கலாம். தொண்டர் கட்டும் பணம்தான் வருமானம். தொண்டர் வரவேண்டுமென்றால் பிள்ளைகள் வேண்டும். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு இது இன்னும் மோசமாகும் என்று அஞ்சித்தான், பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகவும், புதிதாக இல்லம் திறக்கவும் அரசு தடை போட்டது.

அந்த ஏஜென்சியிடம் ஒன்று கேளுங்கள்: "என்னிடம் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்பீர்களா?" யாரென்றே தெரியாத ஒருவரைப் பிள்ளைகள் தூங்கும் அறை வரை விடுகிற இடம், உங்களை மட்டுமா அப்படி விடும்? இரண்டு மாதம் "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, நீங்கள் கிளம்பியதும் அடுத்த அக்காவிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதையும் யோசியுங்கள்.

உதவத்தான் வேண்டும் என்றால் ஸ்யாங்ஜா மாவட்டத்து சிருபாரிக்கோ, லம்ஜுங் மாவட்டத்து காலே காவுனுக்கோ போய்ப் பத்து நாள் ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். இரண்டும் குருங் மக்களின் ஊர்கள். சிருபாரியில் 1997லிருந்தே இது நடக்கிறது. காசு அந்த ஊர்க்காரர்களுக்கே போகும். தொண்டு என்ற பெயர் அதற்கு வராது, வராவிட்டால் என்ன?

கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் மூன்று மாதம் பாடம் எடுக்க ஆசை. ஜூன் மாதம் போகலாம் என்றிருக்கிறேன்.
*கும்பகோணம்*

ஐயா, உங்கள் கையில் இருப்பது அங்கே தேவைப்படும் சரக்கு. மாதம்தான் சரியில்லை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவமழை. மலைச்சாலைகள் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. 2024 ஜூலையில் சிமல்தாலில் மண் சரிந்து இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளியது நினைவிருக்கும். அது குக்கிராமத்து வழி அல்ல, நெடுஞ்சாலை. அக்டோபர், நவம்பரில் தசாய், திகார் பண்டிகைகளுக்காகப் பள்ளிகள் பல நாள் மூடிக் கிடக்கும்.

அவர்களின் கல்வியாண்டு வைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எஸ்இஇ தேர்வுக்குத் தயாராவார்கள். பனிக்கால விடுமுறை முடிந்ததும் போனால் உங்களை விடமாட்டார்கள். தேதியைத் தலைமையாசிரியரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் அந்த நாட்டு விக்ரம் சம்வத் நாட்காட்டிக் கணக்கில் சொல்வார், ஆங்கில ஆண்டைவிட 56, 57 கூடுதலாக இருக்கும். வார விடுமுறை சனிக்கிழமை.

ஒரு யோசனை: வகுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளாமல் அந்த ஊர்க் கணக்கு வாத்தியாரின் பக்கத்தில் உட்காருங்கள். மொழித் தடையும் பாதி குறையும், நீங்கள் சொல்லிக்கொடுத்த உத்தி நீங்கள் வந்த பிறகும் அங்கேயே இருக்கும். போகும் முன் எண்களைத் தேவநாகரியில் எழுதப் பழகிவிடுங்கள்.

நான் செவிலியர். மருத்துவ முகாம்களில் சேவை செய்ய முடியுமா?
*வேலூர்*

முடியும், ஆனால் பை தூக்கிக்கொண்டு நேராகப் போய் இறங்க முடியாது. நோயாளியைத் தொடும் எந்த வேலைக்கும் நேபாள செவிலியர் கவுன்சிலின் அனுமதி வேண்டும் (மருத்துவர்கள் என்றால் மருத்துவக் கவுன்சில்). அதை வாங்கித் தரவேண்டியது உங்களை அழைக்கும் மருத்துவமனை. "அதெல்லாம் வேண்டாம், வாங்க" என்று சொல்லும் முகாமுக்குப் போகாமலிருப்பதே நல்லது.

அங்கே போய்க் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. மருத்துவர் சந்துக் ருயித் உள்ளிட்டோர் 1994இல் காத்மாண்டுவில் தொடங்கிய தில்கங்கா கண் மருத்துவமனை, கண்புரை அறுவைக்கான லென்ஸைத் தானே தயாரிக்கிறது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் செய்வதும் அதைத்தான். மலையில் முகாம் போட்டு ஒரே நாளில் வரிசையாக அறுவை செய்வதை எப்படி ஒழுங்கு செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

எனக்கு வயது 61. முக்திநாத் சேவிக்க வேண்டும் என்பது மறைந்த என் கணவரின் ஆசை. குழுவோடு போக விருப்பமில்லை. தனியாகப் போய்வர முடியுமா?
*ஸ்ரீரங்கம்*

தாராளமாகப் போகலாம் அம்மா. 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய தலம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உயரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பொக்ரா சுமார் 820 மீட்டர், ஜோம்சோம் 2,700, முக்திநாத் 3,700க்கும் மேல். காலையில் சின்ன விமானத்தில் ஜோம்சோமில் இறங்கி, அப்படியே ஜீப் பிடித்து மேலே போய், மதியம் ஐஸ்போன்ற தண்ணீரில் நிற்பதுதான் பலரும் செய்வது. தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் எல்லாம் உடல் உயரத்துக்குப் பழகுமுன் இப்படி வேகமாக ஏறுவதால்தான். ஜோம்சோமிலோ மார்பாவிலோ இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். தலைவலியோடு மேலே ஏறக்கூடாது. மேலே போனபின் வந்தால் உடனே இறங்கிவிட வேண்டும். இந்த உயரப் பாதிப்பைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்று, சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லி, உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

ஜோம்சோம் இருக்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டினால் காற்று பலமாகிவிடும். அதனால் விமானங்கள் காலையில் மட்டும்தான். மேகம் இருந்தால் அதுவும் இல்லை. திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாளாவது காலியாக விடுங்கள். ஜீப் ராணிபவ்வா வரை போகும். அங்கிருந்து நடை, முடியாவிட்டால் குதிரை. கோயிலைச் சுற்றி அரைவட்டமாக 108 நீர்த்தாரைகள், மாட்டுத்தலை வடிவ வாய்களிலிருந்து விழும். எல்லாவற்றிலும் நனைய வேண்டும் என்று கட்டாயமில்லை. தலையில் தெளித்துக்கொண்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். சன்னிதியில் பௌத்தத் துறவிப் பெண்களைப் பார்த்தால் வியக்காதீர்கள், அவர்களுக்கும் அது புனிதத் தலம்.

தனியாக மலையேற்றம் போக இப்போது அனுமதி இல்லையாமே?
*சென்னை*

2023 ஏப்ரல் முதல் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம் என்பது விதி. எவரெஸ்ட் பக்கம் அதை வலியுறுத்துவதில்லை. விதி இல்லாவிட்டாலும் நான் வழிகாட்டியோடுதான் போகச் சொல்வேன். காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு இருக்கட்டும், ஆனால் லேசான தலைவலிக்கே "ஹெலிகாப்டர் கூப்பிடட்டுமா?" என்று அவசரப்படுத்தினால் உஷார். காப்பீட்டுப் பணத்துக்காக இப்படி நடந்த மோசடியை அரசே 2018இல் விசாரித்தது.

ஆதார் போதுமா? பணம் எப்படி?
*மதுரை, தூத்துக்குடி, இன்னும் பலர்*

விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை நம்பி விமான நிலையம் போகாதீர்கள். நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்துப்போங்கள். நம் 100 ரூபாய் அவர்களின் 160, 1993லிருந்து மாறாத கணக்கு. கடைக்காரர் விலை சொன்னதும் "ஐசியா, என்சியா?" என்று கேட்டுவிடுங்கள், முதலாவது இந்தியக் காசு, மற்றது நேபாளக் காசு. 2024 மார்ச்சிலிருந்து பல கடைகளில் யுபிஐயும் வேலை செய்கிறது. கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பழைய துணிகளும் சாக்லேட்டும் கொண்டுபோகலாமா?
*ஈரோடு*

துணி காத்மாண்டு கடைகளிலேயே மலிவு. அங்கே வாங்கினால் அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம். சாக்லேட் வேண்டாம். பல் மருத்துவர் பக்கத்தில் இல்லாத ஊர்கள் அவை.