டெர்மினலில் நேராக நிற்கும் ஆரக்கிள் அறிக்கை மின்னஞ்சலில் ஏன் கலைகிறது?

ஆரக்கிள் தரவுத்தளத்தின் கட்டளைக் கருவியான எஸ்கியூஎல் பிளஸில் எடுத்த அறிக்கையை ஸ்பூல் செய்து (கோப்பில் சேமித்து), லினக்ஸிலிருந்து மெயில்எக்ஸ் என்ற அஞ்சல் கட்டளை வழியாக அனுப்பினால் நெடுவரிசைகள் கலைந்துவிடுகின்றன என்றும், வலப்பக்கம் இடைவெளி நிரப்பும் ஆர்பேட் கொண்டு இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்தும் பயனில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த முயற்சியை முதலில் நிறுத்திவிடுங்கள். டெர்மினலில் நேராகத் தெரியும் கோப்பில் இடைவெளிக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

டெர்மினல் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தருகிறது. அஞ்சலைத் திறப்பவரின் திரையிலோ பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் எழுத்துரு இருக்கும். ஏரியலில் ஓர் இடைவெளி ஓர் இலக்கத்தின் பாதி அகலமே உடையது என்பதால், நான்கிலக்கத் தொகைக்கு முன்னால் நீங்கள் வைக்கும் இரண்டு இடைவெளிகள் ஆறிலக்கத் தொகையின் முதல் இரண்டு இலக்கங்களுக்கு ஒருபோதும் ஈடாகா. வெற்று உரையாக அனுப்பும்வரை எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெறுநரிடமே இருக்கிறது. அதை உங்கள் கைக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு.

அதற்குமுன் இரண்டு சிறு திருத்தங்கள் தேவை. எஸ்கியூஎல் பிளஸ் நீண்ட வெற்றிடங்களை டேப்களாக மாற்றி எழுதக்கூடும் என்பதால் 'செட் டேப் ஆஃப்' கொடுங்கள். வார்கேர்2(200) (VARCHAR2) என்ற உரை வகையாக வரையறுத்த நெடுவரிசை, உள்ளே பத்தே எழுத்துகள் இருந்தாலும், 200 இடங்களைப் பிடித்துக்கொண்டு 80 எழுத்து வரியை மடக்கிவிடும். அதற்கு 'ஃபார்மேட் ஏ30' என்பதுபோல அகலம் குறியுங்கள், வரியின் நீளத்தைக் குறிக்கும் லைன்சைஸையும் தேவைக்கேற்ப உயர்த்துங்கள்.

பிறகு 'செட் மார்க்அப் எச்டிஎம்எல் ஆன் ஸ்பூல் ஆன் ப்ரீஃபார்மேட் ஆன்' என்று தொடங்கினால், ஸ்பூல் கோப்பில் முடிவு முழுவதும், இடைவெளிகளை அப்படியே காக்கும் ப்ரீ என்ற எச்டிஎம்எல் குறிச்சொல்லுக்குள் அமைந்துவிடும். அதனுள் இருப்பதை அஞ்சல் செயலிகள் வழக்கமாகச் சம அகல எழுத்துருவில் காட்டும். தரவில் உள்ள கோணக் குறிகளையும் ஆம்பர்சாண்டையும் (&) எஸ்கியூஎல் பிளஸே பாதுகாப்பாக மாற்றி எழுதிவிடுகிறது. கையால் ப்ரீ குறிச்சொல் ஒட்டுவதைவிட இதை நான் விரும்புவதற்கு அதுவே காரணம். அஞ்சலின் தலைப்பகுதியில் உள்ளடக்க வகை 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்று இருக்க வேண்டும்; இல்லையேல் பெறுநர் குறிச்சொற்களையே வாசிக்க நேரும். உங்கள் மெயில்எக்ஸ் அதற்கு இடம் தராவிட்டால், தலைப்பு வரிகளை நீங்களே எழுதி 'சென்ட்மெயில் -t' என்ற கட்டளைக்குக் கொடுங்கள்.

வாடிக்கையாளர் பெயர்கள் தமிழில் இருந்தால் இந்த வழியும் போதாது. 'மீனாட்சி' கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் எட்டுக் குறியீடு, யூடிஎஃப்-8இல் 24 பைட். எதை எண்ணி இடைவெளி நிரப்பினாலும், 'மீ'யும் 'சி'யும் திரையில் ஒரே அகலம் கொள்வதில்லை. அத்தகைய அறிக்கைக்கு ப்ரீஃபார்மேட்டை ஆஃப் செய்துவிடுங்கள். எஸ்கியூஎல் பிளஸ் எச்டிஎம்எல் அட்டவணையாகவே எழுதித் தரும், நெடுவரிசைகளை ஒழுங்குபடுத்தும் வேலையை அஞ்சல் செயலி பார்த்துக்கொள்ளும்.