ஓ.ஆர்.எம் பயன்படுத்தினால் டிரான்சாக்‌ஷனைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டுமா?

கட்டாயம் யோசிக்க வேண்டும். டிரான்சாக்‌ஷன் என்பது முழுதாக நடக்க வேண்டிய, இல்லையென்றால் நடக்கவே கூடாத ஒரு தொகுப்பு வேலை. ஓ.ஆர்.எம் (நிரலைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் கருவி) உங்களுக்காக எஸ்.க்யூ.எல் (தரவுத்தளத்தோடு பேசும் மொழி) எழுதித் தரும். ஆனால் உங்கள் வேலை எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

நான் கடலூர்க்காரன். முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் ஒரு கமிஷன் ஏஜெண்டின் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதியது, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். உங்கள் கேள்விக்கு அதை வைத்தே சொல்கிறேன்.

ஒரு கூடை சங்கரா ஏலம் போனால் மூன்று இடத்தில் எழுத வேண்டும்: ஏலப் பதிவு, வியாபாரியின் பாக்கி, படகுக்காரரின் வரவு. ஜாங்கோவிடம் எதுவும் சொல்லாவிட்டால் அது ஒவ்வொரு பதிவையும் அப்போதைக்கப்போதே கமிட் செய்துவிடும், அதாவது நிரந்தரமாக்கிவிடும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பிழை வந்தால் வியாபாரி தலையில் கடன் ஏறியிருக்கும், படகுக்காரருக்கு வரவு இருக்காது. விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்தவரின் காசு அது. மூன்றையும் ஒரே அட்டாமிக் பிளாக்குக்குள் போட்டால் எல்லாம் பதிவாகும், இல்லையென்றால் எதுவுமே பதிவாகாது. பிழையைப் பிடிக்கும் ட்ரை அந்த பிளாக்குக்கு வெளியே இருக்கட்டும். தரவுத்தளப் பிழையை உள்ளேயே பிடித்து விழுங்கினால், அந்த பிளாக்குக்குள் அதற்குப் பிறகு வரும் எந்த வினவலையும் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளை) போஸ்ட்கிரெஸ் ஏற்காது.

பெரும்பாலானோர் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அட்டாமிக் காப்பாற்றாத ஒரு இடம் இருக்கிறது. ஒரு வியாபாரிக்கு 40,000 ரூபாய் பாக்கி என்று வையுங்கள். அவருடைய ஆட்கள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஏலம் எடுக்கிறார்கள், ஒன்று 5,000, இன்னொன்று 8,000. இரண்டு டிரான்சாக்‌ஷனும் 40,000 என்றே படிக்கும். ஒன்று 45,000 என்று எழுதும், அடுத்தது அதன் மேலேயே 48,000 என்று எழுதும். வர வேண்டியது 53,000. எந்தப் பிழைச் செய்தியும் வராது, பணம் மட்டும் காணாமல் போயிருக்கும். போஸ்ட்கிரெஸின் இயல்பு நிலையான ரீட் கமிட்டட் (மற்றவர்கள் கமிட் செய்ததை மட்டும் படிக்கும் நிலை) இதைத் தடுக்காது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இயல்பு நிலை ரிப்பீட்டபிள் ரீட் (ஒரு முறை படித்தது டிரான்சாக்‌ஷன் முடியும் வரை மாறாமல் தெரியும் நிலை). ஆனாலும் வெறுமனே படிக்கும் செலக்ட், வேறு யாரும் அந்த வரியை மாற்றாதபடி பூட்டுப் போடாது என்பதால் அங்கேயும் இதே கதைதான்.

கூட்டல் மட்டும் போதுமென்றால் எஃப் எக்ஸ்பிரஷனால் அப்டேட் செய்யுங்கள், பைத்தானுக்குப் பதில் தரவுத்தளமே கூட்டிக்கொள்ளும். கடன் வரம்பைப் பார்த்துவிட்டுத்தான் ஏலம் தர வேண்டும் என்றால் செலக்ட் ஃபார் அப்டேட்டால் அந்த வரியைப் பூட்டிவிட்டுப் படியுங்கள். வியாபாரி, படகு என இரண்டைப் பூட்டுவதாக இருந்தால் நிரல் முழுக்க ஒரே வரிசையில் பூட்டுங்கள். ஒரு இடத்தில் முன்பின்னாகிவிட்டால் இரண்டு டிரான்சாக்‌ஷன்கள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடக்கும், கடைசியில் போஸ்ட்கிரெஸ் ஒன்றைத் தூக்கி எறிந்துவிடும்.

அப்புறம், எஸ்.எம்.எஸ். ஏலம் முடிந்ததும் வியாபாரிக்குச் செய்தி போக வேண்டும் என்று அதை அட்டாமிக்குக்குள் வைக்காதீர்கள். ரோல்பேக் ஆகி எழுதியதெல்லாம் ரத்தானாலும் போன செய்தி திரும்பாது. செய்தி அனுப்பும் சேவை தாமதித்தால் அதுவரை பூட்டும் விடுபடாமல் இருக்கும். கமிட் ஆன பிறகே ஓடும் ஆன் கமிட்டில் கொடுங்கள்.

வினவல் வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதைச் சரிசெய்வது எளிது. அன்றைய 200 ஏலங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் வியாபாரி பெயரையும் படகு பெயரையும் லூப்புக்குள் எடுத்தால் 401 வினவல் போகும். மூன்று அட்டவணையையும் சேர்த்தே எடுக்கும் செலக்ட் ரிலேட்டட் போட்டால் ஒன்றுதான். எது போகிறது என்று தெரிய, ஓடும் எஸ்.க்யூ.எல்லைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அதற்காகவாவது எஸ்.க்யூ.எல் படித்துவிடுங்கள்.

சோதனை எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். உங்கள் கணினியில் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தை வைத்துச் சோதித்தால் செலக்ட் ஃபார் அப்டேட் எந்த வேலையும் செய்யாது, பிழையும் காட்டாது. சர்வரில் எது ஓடுகிறதோ அதே தரவுத்தளத்தில் சோதியுங்கள். ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு சோதனையையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் சுற்றி வைப்பதால் அங்கே உண்மையான கமிட் நடக்காது; அதனால் பூட்டு சம்பந்தப்பட்டதை டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸில் எழுதி, ஒரே நேரத்தில் இயங்கும் இரண்டு த்ரெட்டை ஒரே வியாபாரி மேல் ஓடவிட்டுப் பாருங்கள்.