மதியம் மீந்ததை வைத்து இரவுச் சாப்பாட்டை எளிதாக முடிப்பது எப்படி? இந்தப் பங்குனி, சித்திரையில் சந்தையில் என்ன காய் வாங்கலாம்?

நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றுதான் நினைக்கிறேன். ஆறரை, ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பிரிட்ஜைத் திறந்து பார்க்கிறவர்தான் இப்படிக் கேட்பார். உள்ளே அரைச் சட்டி குழம்பு, ஒரு கிண்ணம் சோறு, பொரியல் ஒரு பிடி. வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் அது காணாது, கொட்டவும் மனசு வராது. எனக்கும் தினமும் இதே கதைதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மீந்ததை அப்படியே சுட வைத்துத் தட்டில் போட்டால் யாருக்கும் பிடிக்காது. அன்றைக்கு வாங்கிய ஒரு காயையாவது அதோடு சேர்க்க வேண்டும். பழசு ஒன்று, புதுசு ஒன்று. இது என் மாமியார் கற்றுக்கொடுத்தது.

அத்தை பாளையங்கோட்டையில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தியவர். சுற்றிய பீடியைக் கடையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்தில் மார்க்கெட் வழியாக வருவார். அந்த நேரத்தில் மிச்சம் கிடக்கிற காயைக் கூறு கட்டிப் போட்டிருப்பார்கள். ஒரு கூறு முருங்கைக்காய், நாலு மாங்காய், வாடிய கீரைக்கட்டு என்று எது மலிவோ அதை வாங்கி வருவார். வீட்டில் மதியச் சோறும் குழம்பும் கொஞ்சம் இருக்கும். இரண்டையும் சேர்த்து அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் இலை போட்டுவிடுவார். அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கடைசியில் மிச்சத்தைச் சாப்பிட்டவர் எப்போதும் அத்தைதான், அது எனக்கும் தெரியும். அவர் பட்ட கஷ்டத்தை நான் கொண்டாடவில்லை. அவர் கைப்பக்குவத்தைச் சொல்கிறேன்.

மதியம் வைத்த புளிக்குழம்பு மீந்திருந்தால் இந்த மாதத்தில் யோசிக்கவே வேண்டாம், முருங்கைக்காய்தான். மார்கழியில் தொடக்கூட முடியாத விலை விற்கிற காய், பங்குனி பிறந்தால் மலிந்துவிடும். இரண்டு காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, மஞ்சள்தூளும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மூழ்குகிற அளவு தண்ணீரில் தனியாக வேக விடுங்கள். பத்து நிமிஷம் போதும். பிறகு அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் குழம்பில் ஊற்றி நன்றாகக் கொதிக்க விடுங்கள். பச்சைக் காயை நேரே குழம்பில் போடாதீர்கள். புளிப்பில் காய் சீக்கிரம் வேகாது, அது வேகிறவரைக்கும் அடுப்பில் கிடந்தால் குழம்பு வற்றி உப்புக் கரிக்கும். தனியாக வேக வைத்துச் சேர்த்தால் அந்தத் தண்ணீரிலேயே குழம்பும் கூடிவிடும், மதியத்திலிருந்து ஏறியிருக்கிற உப்பும் மட்டுப்படும். கடைசியில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, நாலு சின்ன வெங்காயம் போட்டு நல்லெண்ணெயில் புதிதாக ஒரு தாளிப்பு. இந்தத் தாளிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், பழைய குழம்பின் வாசத்தை மாற்றுவது அதுதான்.

சோறு மீந்தால் மாங்காய்ச் சோறு. கிளிமூக்கு மாங்காயில் புளிப்பு காணாது, அதை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுச் சாப்பிட்டுவிடலாம். இதற்கு நல்ல புளிப்பான நாட்டு மாங்காய் வேண்டும். இரண்டு கப் சோற்றுக்கு அரை மாங்காய் துருவினால் சரியாக இருக்கும். எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து, துருவலைப் போட்டு இரண்டே நிமிஷம் வதக்கி, அடுப்பை அணைத்துவிட்டுச் சோற்றைக் கிளறுங்கள். சுடுசோறு குழைந்துபோகும். ஆறிக் கெட்டிப்பட்ட சோறுதான் பொலபொலவென்று வரும்.

வெறும் பருப்பு மீந்தால் தண்ணீர் விட்டுக் கரைத்து, நாட்டுத் தக்காளியைப் பிசைந்து ரசமாக்கிவிடுங்கள். தெருவில் வேப்பமரம் இருந்தால் இப்போது பூ கொட்டும். விரித்த துணியில் விழுந்ததைக் காய வைத்து, நெய்யில் சிவக்க வறுத்து ரசத்தின் மேலே போட்டால் அந்த லேசான கசப்புக்கே இன்னொரு கரண்டி சோறு இறங்கும்.

இனிச் சொல்லப்போவது சமையல் குறிப்பு இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

எங்கள் பக்கம் பொங்கலுக்கும் சித்திரை விசுவுக்கும் மறுநாள் சுண்டக்கறி உண்டு. முந்தின நாள் விருந்தில் மீந்த சாம்பார், அவியல், பொரியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் சேர்த்து, சிறுதீயில் கெட்டியாகிறவரை சுண்ட வைப்பது. பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விசுவுக்கு மறுநாள் என் கணவரின் பெரியப்பா மகன் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். அத்தை ஆசையாகச் சுண்டக்கறி பரிமாறினார். அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன சித்தி, நேத்து வச்சதையா எங்களுக்குப் போடுறீங்க?" என்றார்.

"நீ சின்னப் பிள்ளையில கேட்டு வாங்கித் தின்னதுதான்யா" என்றார் அத்தை. வேறு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் மாவை எடுத்துத் தோசை ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் வெளி ஆள் யார் வந்தாலும் சுண்டக்கறிச் சட்டியைத் தட்டுப் போட்டு மூடி, அடுப்படி மூலையில் தள்ளி வைத்துவிடுவார். கை சிவக்கச் சுற்றிச் சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கிய மனுஷியை அந்த ஒரு பேச்சு வெட்கப்பட வைத்தது. எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. மீந்ததைச் சமைப்பது கஞ்சத்தனம் என்று பேசுகிறவர்கள், விருந்து வீடுகளில் இலையோடு எவ்வளவு சாப்பாடு குப்பைக்குப் போகிறது என்று ஒரு தடவை பந்திக்குப் பின்னால் போய்ப் பார்க்கட்டும்.

பழசைச் சாப்பிட்டால் வயிறு கெடும் என்று சிலர் கட்டாயம் சொல்வார்கள். கெடும்தான். எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று தெரிந்து செய்ய வேண்டும். தேங்காய் அரைத்துவிட்ட அவியல், கூட்டு, சட்னி எதுவும் இந்த வெயிலில் மதியத்திலிருந்து ராத்திரி வரை வெளியே தாங்காது. ஆறியதும் பிரிட்ஜுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் மதியமே தீர்த்துவிட வேண்டும். விசுவன்றைக்குச் சுண்டக்கறிக்கென்று எடுத்து வைப்பதையும் இப்படித்தான் பத்திரப்படுத்துகிறேன். சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. அதனால்தான் காலையில் சோறு வடித்ததுமே ராத்திரிக்கான பங்கை அகலத் தட்டில் ஆற்றி, டப்பாவில் மூடிப் பிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். இரண்டாம் தடவை சுட வைத்ததும் மீந்தால் எடுத்து வைப்பதில்லை.

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. புதுக் காய் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன், எப்போது போய் வாங்குவது? விவசாயிகளே வந்து விற்கிற எங்கள் ஊர்ச் சந்தை விடியற்காலையில் தொடங்குகிறது, பத்து மணிக்கெல்லாம் நல்ல காய் தீர்ந்துவிடும், மதியத்தோடு மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் நான் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்துவிட்டு, அலுவலகத்தில் விரல் ரேகை வைக்க ஓடிக்கொண்டிருப்பேன். அரசு டவுன் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்காமல் போகலாம், ஆனால் போய்ச் சேரும்போது கடை இருக்க வேண்டுமே! வாரத்தில் இரண்டு நாளாவது ராத்திரி எட்டு மணிவரை திறந்து வைத்தால் வேலைக்குப் போகிற எத்தனை பெண்களுக்கு உதவும்! விவசாயிகளுக்கு வீடு திரும்புகிற கஷ்டம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. திரும்பிப் போக வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தால் அவர்களுக்கும் விற்பனைதானே.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே தடவையாகப் போய் வந்துவிடுகிறேன். முருங்கைக்காயை நறுக்கி டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் தாங்கும். மாங்காய் ஒரு வாரம் நிற்கும். பலாக்கொட்டை கிடைத்தால் விடாதீர்கள். தோல் உரித்து வேக வைத்துக் கையில் இருந்தால், மீந்த சாம்பாரானாலும் புளிக்குழம்பானாலும் அதில் போட்டு ஒரு கொதி விட்டால் போதும். வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நறுக்கித் தயிரில் போட்டால் தொட்டுக்கொள்ளவும் ஆயிற்று. உங்கள் வீட்டில் என்ன மீந்திருக்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், அதற்கு என்ன காய் சேரும் என்று சொல்கிறேன்.