மாடிக்கு எஸ்டிமேட் வாங்குமுன் மூலப்பத்திரத்தை எடுங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் 8 சென்ட்டில் எங்கள் வார்ப்பு வீடு, 1,050 சதுரடி. அப்பா இல்லை. பட்டா அம்மா பெயரில். நான் துபாயில் இருக்கிறேன். மேலே எடுத்து டூப்ளக்ஸ் ஆக்க இன்ஜினீயர் 28 லட்சம் எஸ்டிமேட் தந்தார். கீழே குடியிருக்கும் தம்பி பாதி தரமாட்டேன் என்கிறான், மரியாதையில்லாமலும் பேசுகிறான். தங்கச்சி கல்யாணத்தையே நான்தான் நடத்தினேன். அம்மா, ‘மாடி உனக்குத்தான், கட்டு’ என்கிறார். தம்பியிடம் பாதியைச் சட்டப்படி வாங்க முடியுமா?

பதில்: முடியாது. ஒப்புக்கொள்ளாத செலவைத் தம்பி தலையில் எந்தக் கோர்ட்டும் கட்டாது. கல்யாணச் செலவும் அவர் பேசிய பேச்சும் இந்தக் கணக்கில் வராது. பார்க்கவேண்டியது ஒன்றுதான்: அந்த 8 சென்ட் அம்மாவுக்கு எப்படி வந்தது?

பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே. அது உரிமையைத் தராது. அம்மா பெயரில் கிரயமோ, அவர் பெற்றோர் எழுதிய பத்திரமோ இருந்தால் சொத்து முழுக்க அவருடையது. அப்பா வாங்கியதாக இருந்து, உயில் எழுதாமல் அவர் இறந்தபின் பட்டா மட்டும் மாறியிருந்தால், நீங்கள் எல்லோருமே இப்போது கூட்டு உரிமையாளர்கள். இந்துக்களானால், அப்பாவின் தாயார் உயிரோடு இல்லாதபட்சத்தில், நால்வருக்கும் சமபங்கு. கிறிஸ்தவர்களானால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகள் மூவருக்கும் சமமாக. ‘ஸ்ரீதனம் கொடுத்தாச்சு, பெண்ணுக்குப் பங்கில்லை’ என்று திருவிதாங்கூர் காலத்துச் சட்டத்தை வைத்து இன்னமும் பேசுவார்கள். 1986-இல், மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவிட்டது. தங்கச்சியை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

இனி, வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் திரும்பத் திரும்பச் சிக்குகிற இடத்தைச் சொல்கிறேன். அம்மாவின் வாய்வார்த்தையை நம்பிப் பணம் அனுப்புவார்கள். மாடி எழும்பும். அம்மா காலத்துக்குப் பிறகு தம்பியும் தங்கையும் குழித்துறை கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போடுவார்கள். ‘கட்டிய காசாவது கிடைக்கும்’ என்று நம்பவேண்டாம். சொத்து மாற்றுச் சட்டம் 51-ஆம் பிரிவு, தன் இடம் என்று நல்லெண்ணத்தோடு நம்பிக் கட்டியவருக்குத்தான் உதவும். இது அம்மா இடம் என்று உங்களுக்கே தெரியும். அனுமதியின்பேரில் நிரந்தரக் கட்டடம் எழுப்பியவரைச் சட்டென்று இறக்கிவிட முடியாது என்று வசதியுரிமைச் சட்டம் 60-ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்துக் குடியிருப்பைக் காக்கப் பார்க்கலாம், மாடியை விற்க முடியாது. முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி, பதிவு செய்யாமல் பெட்டியில் வைத்திருப்பதும் உரிமையைத் தராது. உயிலை அம்மா எந்த நாளும் மாற்றலாம்.

படிக்கட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஹாலுக்குள்ளேயே படி ஏறினால் அது ஒரே வீடு, பிரித்துத் தர வழியில்லை என்று கோர்ட் கருதலாம். அப்போது பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, ‘வீட்டை விற்றுப் பணமாகப் பிரியுங்கள்’ என்று கேட்கலாம். அம்மா காலத்துக்குப் பிறகு தம்பியும் தங்கையும் சேர்ந்தாலே அந்தப் பாதி தாண்டிவிடும். விற்பனையை நிறுத்த, கோர்ட் போடும் மதிப்பில் அவர்கள் பங்கை நீங்கள் விலைக்கு வாங்கவேண்டும். நீங்கள் கட்டிய மாடியும் சேர்ந்தே அந்த மதிப்பு ஏறியிருக்கும்.

ஆகவே வெளிப்படி, தனி வாசல், தனி மின் இணைப்பு என்று புதிய எஸ்டிமேட் வாங்குங்கள். வெட்டுக்கல் சுவர் வீடென்றால், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் போட்ட எஸ்டிமேட்டை ஏற்காதீர்கள். தாங்காது என்று பிறகு தெரிந்தால் வெளியே புதுத் தூண்கள் எழுப்பவேண்டிவரும், தொகை எங்கோ போய்விடும். சதுரடி ரேட்டில் படி, கைப்பிடிச்சுவர், சன்ஷேடு சேர்ந்திருக்கிறதா, பொருளோடு காண்ட்ராக்ட் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி யார் தலையில் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அந்த எஸ்டிமேட்டை இரண்டாக உடையுங்கள். மாடிக்கு மட்டுமானது 1,050 சதுரடி, 2,400 ரூபாய் வீதம் 25.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அஸ்திவாரம் பலப்படுத்துவது, செப்டிக் டேங்க், தண்ணீர்த்தொட்டி என்று கீழ்வீட்டுக்கும் உதவுவது மீதி 2.8 லட்சம். தம்பியிடம் பேச்சுக்காவது கேட்கக்கூடியது 1.4 லட்சம், அவ்வளவுதான். அதையும் விட்டுக்கொடுங்கள் என்பதே என் ஆலோசனை.

பதிலுக்கு இதைக் கேளுங்கள்: சொத்து அம்மாவுடையதானால், கீழ்வீடு தம்பிக்கு, மாடி உங்களுக்கு என்று ஒரே நாளில் இரண்டு செட்டில்மென்ட் பத்திரம், அதாவது அம்மா இப்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம். அப்பாவுடையதானால், நால்வரும் கையெழுத்திடும் பாகப்பிரிவினை. தங்கச்சிக்கு ஒரு தொகையை வங்கி வழியாகக் கொடுத்துப் பத்திரத்திலேயே காட்டுங்கள். சொத்து விவரத்தில் மொட்டை மாடி உரிமை, நிலத்தில் பிரிபடாத பாகம், படிக்கட்டு, வழி, கிணறு, செப்டிக் டேங்க் ஒவ்வொன்றும் வரவேண்டும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 28 லட்சத்தில் இது பெரிய பணமில்லை. அம்மாவைப் பராமரிக்கும் நிபந்தனை பத்திரத்தில் இருந்தால், துபாயிலிருந்தாலும் மாதாமாதம் வங்கியில் அனுப்புங்கள். தவறினால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) அந்தப் பத்திரத்தையே செல்லாதென்று ஆக்கலாம்.

பதிவு முடியும்வரை காண்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் தரவேண்டாம்.