ஸ்போர்ட்ஸ் காடிக்குத் தலைச்சுமை: கூரை ராக் பற்றிய கேள்வி பதில்

போன மாதம் இங்கே மலேசியாவில் தாப்பா கடைத்தெருவில் என் எம்ஜிபி ஜிடியை, பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காடியை, நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். கூரை ராக்கில் கூடாரப் பை, மடக்கு நாற்காலி எல்லாம் கட்டியிருந்தது. திரும்பி வந்தால் காடியைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அன்று ஆரம்பித்த கேள்விகள் இன்னும் ஓயவில்லை. தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் என்ஜினியர் இல்லை. முப்பது வருடம் தகடு தட்டிப் பெயிண்ட் அடித்தவன். என் காடி 1970-இல் செய்தது. தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போய், மூன்று கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது.

பீடோர் ஆசிரியர் ஒருவர்: அண்ணே, என்னிடமும் எம்ஜிபி ஜிடிதான். கூரையில் துளை போடாமல் ராக் மாட்ட முடியுமா?

முடியும் வாத்தியாரே. துளை போடவே கூடாது. கதவுக்கு மேலே மழைத்தண்ணீர் வழிய ஒரு தகட்டு மடிப்பு ஓடுகிறதே, பட்டறையில் அதைக் கட்டர் என்போம். கூரைத் தகடும் பக்கத்துத் தகடும் ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங்கில் சேரும் இடம் அது. அதனால் கூரையில் பலமான இடமும் அதுதான். அங்கே ஏறும் பாரம் தூண்கள் வழியாக அடித்தளத்துக்கு இறங்கிவிடும். கூரையின் நடுப்பகுதி அப்படி இல்லை. உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், தகர டப்பா மாதிரி உள்ளே போய் வெளியே வரும்.

கட்டரைப் பிடிக்கும் கால் வைத்த ராக் என்று கேட்டு வாங்குங்கள். இந்தக் காலத்துக் காடிகளில் பெரும்பாலும் கட்டரே கிடையாது, அதனால் கடையில் தொங்கும் முக்கால்வாசி ராக்குகள் உங்களுக்கு ஆகாது. சுவீடனின் தூலே கம்பெனி கட்டருக்கென்றே கால் செய்கிறது. பழைய சாமான் கடையில் எழுபதுகளின் ராக் கிடைத்தாலும் நல்லதுதான், பிடிக்கும் கொக்கி வளையாமல் இருந்தால் சரி.

ஜிடிக்கு மட்டும் ஒரு சங்கதி. இந்தக் கூரையை வரைந்தது இத்தாலியின் பினின்ஃபரினா. 1965-இல் வந்தபோதே பின்கதவு மேல் நோக்கித் திறக்கும்படிதான் இருந்தது. ராக்கின் பின் குறுக்குப் பட்டையை ரொம்பப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினால், அல்லது சாமான் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால், கதவு போய் அதில் இடிக்கும். போல்ட்டை முறுக்கும் முன் பின்கதவை முழுசாகத் திறந்து பாருங்கள். முன்பட்டைக்கும் பின்பட்டைக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அவ்வளவும் விடுங்கள். பாரம் ஏற்றிய பிறகும் பட்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

தாப்பா ரோட்டுப் பட்டறைப் பையன்: அங்கிள், கட்டர் தாங்குமா தாங்காதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும் தம்பி. நானே கேட்காமல் விட்டதால் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

ராக் வாங்கிய புதிதில் கேமரன் மலைக்குக் கிளம்பினோம், தாப்பாவிலிருந்து ஏறும் 59-ஆம் எண் ரோட்டில். பின்னால் இடம் போதவில்லை என்று ஐஸ் பெட்டியைத் தூக்கிக் கூரையில் வைத்தேன். ஐஸ், தண்ணீர், பானம் எல்லாம் சேர்த்து நாற்பது கிலோவுக்குக் குறையாது. லாத்தா இஸ்கந்தார் அருவி தாண்டி ஒரு வளைவில் தலைக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் இடது பின்கால் கட்டரோடு மேலே எழும்பி நிற்கிறது. ஆரஞ்சுத் தோலை உரித்த மாதிரி. பெயிண்ட்டுக்கு அடியில் இரும்பே இல்லை, புட்டியும் ஃபைபர் துணியும்தான். எனக்கு முன்னால் காடியை வைத்திருந்தவர் எங்கோ கொடுத்துச் 'சரி பண்ணி' இருக்கிறார். அடுத்தவர் வேலையில் ஆயிரம் குறை சொல்லும் நான், என் காடியைத் தட்டிப் பார்க்கவில்லை. அந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரி ஊர் திரும்பினாள். இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

சோதனை ரொம்பச் சுலபம். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கட்டர் நெடுக நகர்த்திக்கொண்டே போ. இரும்பு இருக்கும் இடத்தில் பிடிக்கும், புட்டி இருந்தால் வழுக்கிவிடும். பெயிண்ட் எங்கே கொப்பளித்திருக்கிறதோ அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்து. உள்ளே இறங்கினால் விஷயம் முடிந்தது. அப்புறம் உள்பக்கம் கூரைத் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி, பழுப்புக் கறை இருக்கிறதா என்று பார். நம் ஊரில் சாயங்கால மழை எத்தனை நாள் பெய்கிறது என்று உனக்கே தெரியும். கட்டரில் இலைச் சருகு அடைத்தால் அந்த ஈரம் அங்கேயே ஊறும்.

துரு தின்றிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்து, இணைப்பில் சீலர் பூச வேண்டும். அதை முடிக்காமல் ராக் என்ற பேச்சே வேண்டாம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அப்பாவின் பழைய டொயோட்டா செலிக்கா இருக்கிறது, 1970களில் வந்த முதல் மாடல். கூரைக் கூடாரம் போடலாமா அங்கிள்?

வேண்டாம்மா. இரண்டு பேர் படுக்கும் கூரைக் கூடாரமே 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். நின்ற காடியில் ஆள் ஏறிப் படுக்கும்போது வரும் பாரம் வேறு, ஓடும்போது தாங்க வேண்டிய பாரம் வேறு. ஓடும்போதுதான் ஒவ்வொரு குழியிலும் அது கூரையைக் குத்தும், ஒவ்வொரு வளைவிலும் காடியைச் சாய்க்கும். அதோடு அந்தச் செலிக்கா ஹார்ட்டாப்புக்குக் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் நடுத்தூண் கிடையாது. அழகே அதுதான். ஆனால் அத்தனை பாரமும் முன்தூணுக்கும் பின்தூணுக்கும்தான் போக வேண்டும்.

ஓனர்ஸ் மேனுவலில் கூரைப் பாரம் போட்டிருந்தால் அதற்கு மேல் ஒரு கிலோகூட ஏற்றாதே. அந்தக் கணக்கில் ராக்கின் எடையும் அடக்கம், பலர் இதை மறந்துவிடுவார்கள். என் காடிக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ராக்கோடு சேர்த்து 35 கிலோ. இரண்டு பேர் படுக்கும் சாதாரணக் கூடாரம் மூன்று நான்கு கிலோ, படுக்கைப் பாய், போர்வை, இரண்டு மடக்கு நாற்காலி எல்லாம் சேர்த்தாலும் 20 கிலோவைத் தாண்டாது. இடத்தை அடைக்கும், ஆனால் கனக்காது. மேலே போக வேண்டியது அந்த மாதிரிச் சாமான்தான். தண்ணீர், அரிசி, அடுப்பு, ஸ்பேனர் பை எல்லாம் கீழே, பின் அச்சுக்கு முன்னால். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, 20 லிட்டர் கேன் கூரையில் ஏறினால் என் கணக்கில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும்.

கேஸ் டப்பாவை மட்டும் கூரையிலும் கட்டாதே, வெயிலில் நிறுத்திய காடிக்குள்ளும் விடாதே.

ஈப்போவிலிருந்து: மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக் கூரை. எனக்கு வழி உண்டா?

கூரையில் இல்லை, பூட் மூடியில் உண்டு. வார் போட்டுக் கட்டும் ராக் கிடைக்கிறது. கனமில்லாத துணிப் பை ஒன்று, அவ்வளவுதான். மூடியில் பிரேக் விளக்கு இருந்தால் மறைக்காதீர்கள். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் ஏற ஏற மூக்கு தூக்கி ஸ்டீரிங் லேசாகிவிடும். துணிக் கூரை வைத்த எம்ஜிபி ரோட்ஸ்டருக்கும் இதே கதைதான். நடுக்கூரையைக் கழற்றி எடுக்கும் டார்கா மேற்கூரைக் காடியிலும் ஃபைபர் உடம்பு வைத்த லோட்டஸ் எலானிலும் ராக் கேட்காதீர்கள். வெற்றிடக் கப் வைத்து ஒட்டும் ராக்கும் வருகிறது, பளபளக்கும் நல்ல பெயிண்ட்டில் பிடிக்கும். புட்டி போட்டு மறுபெயிண்ட் அடித்த கூரையில் அதை ஒட்டினால் கப் விடாது, பெயிண்ட்தான் விடும்.

தோட்டத்து வெல்டர் ஒருவர்: கடையில் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் நானே அடித்துவிடட்டுமா?

கை வேலை தெரிந்தவர், தாராளமாகச் செய்யலாம். ஆனால் எடையைப் பாருங்கள். ஒரு இஞ்சு ஜிஐ பைப் மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ. சுற்றுச் சட்டம், குறுக்குக் கம்பி என்று பத்து மீட்டர் போனால் 24 கிலோ. கூடாரம் ஏறும் முன்பே கூரை பாதி நிரம்பிவிட்டது! அலுமினியம் அதே அளவில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். சட்டத்தை அலுமினியத்தில் செய்து, கட்டரைப் பிடிக்கும் காலை மட்டும் இரும்பில் செய்யுங்கள். இரண்டும் தொடும் இடத்தில் ரப்பர் வையுங்கள், ஈரத்தில் ஒன்றையொன்று அரிக்கும். ஜிஐயை வெல்டு செய்வதாக இருந்தால் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திறந்த வெளியில் செய்யுங்கள். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும், உங்களுக்குத் தெரியாததா.

பீடோர் ஆசிரியர் மறுபடி: ராக் மாட்டியாச்சு. 70-க்கு மேல் போனால் ஊளையிடுகிறது. சாமானை எப்படிக் கட்டுவது?

ஊளை வருவது வாரிலிருந்தா பட்டையிலிருந்தா என்று பாருங்கள். வாராக இருந்தால் தட்டையாக இழுக்காமல் நடுவில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டுங்கள், சத்தம் நின்றுவிடும். பட்டையாக இருந்தால் அதன்மேல் கயிற்றைச் சுருளாகச் சுற்றுங்கள்.

ராட்செட் வாரைக் கட்டரில் மாட்டி முறுக்காதீர்கள். லோரிக்குச் செய்த சாமான் அது, உங்கள் கட்டரை வளைத்துவிடும். கையால் இழுத்துப் பூட்டும் பக்கிள் வாரே போதும். சாமானை ராக்கோடு சேர்த்துக் கட்டுங்கள், காடியோடு அல்ல. தார்ப்பாய் போர்த்தினால் முன்பக்கம் வாய் திறக்காமல் மடித்துக் கட்டுங்கள். கித்தான் கூடாரமாக இருந்தால் தண்ணீர் புகாத பையில் போடுங்கள். நனைந்த கித்தான் காய்ந்ததைவிட எவ்வளவு கனம் என்பது துவைத்துத் தூக்கியவருக்குத் தெரியும்.

கிளம்பி ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லா போல்ட்டையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். மண்சடக்கில் போனால் அதற்கு முன்பே பாருங்கள்.

வேகமும் முக்கியம். நெடுஞ்சாலையில் 110 அனுமதி, ஃபெடரல் ரோட்டில் 90. ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-இல் உங்கள் மூட்டையை 6 கிலோ அளவுக்குத் தள்ளுகிற காற்று, 110-இல் 11 கிலோவுக்குத் தள்ளும். ராக் இருக்கும்போது நான் 80-ஐத் தாண்டுவதில்லை. பின்னால் வருகிற மைவி காடிக்காரர் லைட் அடித்தால் அடிக்கட்டும்.

பெயர் சொல்லாத ஒரு வீட்டுக்காரம்மா: இவ்வளவு பாடுபட்டு இந்தக் காடியில்தான் போகணுமா? வீட்டில் பெரிய காடி இருக்கிறதே.

அக்கா, இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

சுங்காயிலிருந்து: ராக் மாட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிப்பார்களா?

நம்பர் பிளேட், பின்விளக்கு, சிக்னல் எதுவும் மறையக்கூடாது. சாமான் பக்கவாட்டில் காடியைவிட்டு வெளியே நீட்டக்கூடாது. கழற்றி மாட்டுகிற ராக்கும் வெல்டு செய்து நிரந்தரமாக்கிய ராக்கும் ஒன்றில்லை. நிரந்தரமாக ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் ஜேபிஜே கவுண்டரில் போய்க் கேட்டுவிடுங்கள், பிறகு பட்டறைக்குப் போங்கள்.

தாப்பா ரோடு இளைஞர் குழு: மூன்று பழைய காடிகள், ஆறு பேர். எங்கே தங்கலாம்?

பக்கத்திலேயே கோலா வோ இருக்கிறது, ஆறும் வெந்நீர் ஊற்றும் சேர்ந்த இடம். செண்டரியாங் பக்கம் லாத்தா கிஞ்சாங் அருவி. இரண்டுக்கும் தார் ரோடு உண்டு, தாழ்ந்த காடிக்கு அதுதான் முக்கியம்.

ஆற்றங்கரை மணலில் மட்டும் கூடாரம் அடிக்காதீர்கள் தம்பிகளா, காடியையும் இறக்காதீர்கள். கெப்பாலா ஆயர் என்று சொல்வார்களே, மேலே மலையில் பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதே இறங்கி வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், சாமானை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். செங்குத்தான சரிவின் அடியிலும் வேண்டாம். 2022 டிசம்பர் 16 விடிவதற்குள் பத்தாங் காலியில் முகாம் போட்டிருந்தவர்கள் மேல் மலை சரிந்து 31 பேர் இறந்தார்கள். தொடர் மழைக் காலத்தில் போகாமல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மலை ஏறி இறங்குவதாக இருந்தால், இறங்கும்போது கியரைக் குறைத்து என்ஜினைப் பிடிக்க விடுங்கள். பாரத்தோடு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் நாற்றம் வரும், அப்புறம் மிதித்தாலும் நிற்காது. எம்ஜி வைத்திருக்கும் தம்பிக்கு இன்னொன்று: 1974 வரை வந்த மாடலில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பின்சீட்டுக்கு அடியில். அதன்மேல் மூட்டை முடிச்சை அடுக்கினால், காலையில் காடி கிளம்பாதபோது எல்லாவற்றையும் இறக்கித்தான் பேட்டரி முகத்தைப் பார்க்க வேண்டும். கையில் டார்ச் லைட் வைத்துக்கொள்ளுங்கள், காடி விளக்கில் சோறாக்காதீர்கள்.

பட்டறைப் பையன் மறுபடி: ராக்கோடு பார்க்க கெத்தாக இருக்கிறது அங்கிள். கழற்றாமலே விட்டுவிடலாமா?

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காலுக்கு அடியில் வைத்த ரப்பர் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கட்டர் அங்கிருந்துதான் அழுக ஆரம்பிக்கும். சும்மா போனாலும் பெட்ரோல் கூடச் செலவாகும். நான் ஊர் வந்த மறுநாளே கழற்றி, கட்டரைக் கழுவித் துடைத்து மெழுகு பூசிவிடுவேன். ராக் இப்போது பின்கட்டில் தொங்குகிறது. வீட்டுக்காரி அதில் துண்டு காயப்போடுகிறாள்.