தள்ளுபடி விலையில் நெட்வொர்க்கிங் சான்றிதழ்ப் படிப்பு: பணம் கட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஹெல்ப் டெஸ்க் பணியில் இருக்கிறேன். மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித் தருவது, பிரிண்டரை இணைத்துக் கொடுப்பது, இணையம் வரவில்லை என்றால் கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பார்ப்பது ஆகியவற்றோடு என் வேலை முடிந்துவிடுகிறது. நெட்வொர்க் பொறியாளராக வேண்டும் என்பது என் விருப்பம். சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ் ஆகிய நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வுகளுக்கானவை உள்ளிட்ட 12 படிப்புகளை ஒரே தொகுப்பாக, 90 சதவீதத் தள்ளுபடியில், ஆயுள் முழுவதும் பார்க்கும் வசதியுடன் தருவதாக ஓர் இணையதளம் விளம்பரம் செய்கிறது. முடித்ததும் சான்றிதழும் உண்டாம். சலுகை முடிய இரண்டு நாள்களே இருப்பதாகப் பக்கத்தின் மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சேரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: 'முடித்ததும் சான்றிதழும் உண்டாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். பலரும் ஏமாறும் இடம் அதுதான். படிப்பை முடித்ததற்காக அந்த இணையதளம் தரும் சான்றிதழ் வேறு. சிசிஎன்ஏ என்பது வேறு. முன்னது, காணொளிகளை நீங்கள் கடைசிவரை ஓடவிட்டீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. பின்னதை, நெட்வொர்க் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் மட்டுமே வழங்க முடியும். அதற்கு 200-301 என்ற எண்ணுள்ள 120 நிமிடத் தேர்வை, பியர்சன் வியூ தேர்வு மையத்திலோ, வீட்டிலிருந்தபடி இணையவழிக் கண்காணிப்பிலோ எழுதித் தேர வேண்டும். நெட்வொர்க் பிளஸ் சான்றிதழும் இப்படித்தான். அதை வழங்குவது காம்ப்டியா அமைப்பு. இந்தத் தேர்வுகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. படிப்பின் விலையில் தேர்வுக் கட்டணமும் அடக்கம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தாலொழிய, அது அடக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவே, 90 சதவீதம் குறைந்திருப்பது மொத்தச் செலவில் அன்று. அதில் ஒரு பகுதியில் மட்டுமே. பெரும்பாலும் அது சிறிய பகுதியாகவே இருக்கும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில், என் மனத்தை விட்டு நீங்காத ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இணையவழிப் படிப்புகளின் நிறைவுச் சான்றிதழ்கள் ஏழெட்டை வைத்திருந்த ஓர் இளைஞரிடம், இரண்டு ரூட்டர்களை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பச் சொன்னேன். முகவரிகளைச் சரியாகவே கொடுத்தார். சிஸ்கோ ரூட்டர் வழக்கமாக ஐந்து தரவுப் பொட்டலங்களை அனுப்பும். பதில் வந்தால் வியப்புக்குறி, வராவிட்டால் புள்ளி. திரையில் முதலில் ஒரு புள்ளியும் அடுத்து நான்கு வியப்புக்குறிகளும் வந்து, வெற்றி 80 சதவீதம் என்று காட்டியது. 'கேபிளில் ஏதோ கோளாறு, சார்' என்றார் அவர். கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. எதிர்முனையின் ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) எது என்று ரூட்டருக்கு அதுவரை தெரியாது. ஏஆர்பி என்ற நெறிமுறை வழியாக அது கேட்டு அறிந்துகொள்ளும் இடைவெளியில் முதல் பொட்டலம் கைவிடப்படுகிறது. மறுபடியும் பிங் கொடுத்திருந்தால் ஐந்தும் சென்றிருக்கும். ஏஆர்பி பற்றிய பாடத்தை அவர் பார்க்காமல் இல்லை, பார்த்திருந்தார். ஆனால், அந்த ஒற்றைப் புள்ளியைத் தம் கையால் வரவழைத்து, 'இது ஏன்?' என்று கேட்டுக்கொள்ளும் வாய்ப்பை எந்தப் படிப்பும் அவருக்குத் தரவில்லை. அவரை அனுப்பிவிட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் செலவிட்ட மாதங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

எனவே, விலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கையை எத்தனை மணி நேரம் வேலை வாங்கப்போகிறது என்பதைக் கொண்டே ஒரு நெட்வொர்க்கிங் படிப்பை எடைபோட வேண்டும். பெரும்பாலான இணையதளங்களில் இரண்டு மூன்று பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) பாடம் அவற்றில் இருந்தால் அதையே திறந்து பாருங்கள். 192.168.10.70/26 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று கேட்டால், நல்ல ஆசிரியர் விடையை மட்டும் காட்டிவிட்டு நகரமாட்டார். முகவரியின் 32 பிட்களில் 26 பிட்கள் நெட்வொர்க்குக்குப் போக மீதி 6, ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் 64 முகவரிகள், தொகுதிகள் 0, 64, 128, 192 எனத் தொடங்கும், 70 என்பது 64இல் தொடங்கும் தொகுதியில் விழுகிறது, அதன் கடைசி முகவரியான 127 பிராட்காஸ்ட்டுக்கு (எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேர அனுப்புவதற்கு) உரியது, எனவே கருவிகளுக்குக் கொடுக்கக் கூடியவை 65 முதல் 126 வரை என்று எழுதிக் காட்டி, அடுத்த கணக்கை உங்களிடம் கொடுத்துக் காணொளியை நிறுத்தச் சொல்வார். கட்டம் போட்ட அட்டவணை ஒன்றைக் காட்டி மனப்பாடம் செய்யச் சொல்பவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

லேப் பயிற்சிகளிலும் இதே போன்ற வேறுபாடு உண்டு. ஆசிரியர் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) அமைப்பதைக் காட்டுகிறார், எல்லாம் ஒழுங்காக இயங்குகிறது, பாடம் முடிகிறது என்றால் அது பாதிப் பாடமே. ஈத்தர்நெட் இணைப்பில் ஓஎஸ்பிஎஃப்பின் ஹலோ இடைவெளி, அதாவது 'நான் இருக்கிறேன்' என்று ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் கால இடைவெளி, இயல்பாக 10 வினாடி. ஒரு முனையில் மட்டும் அதை 15 ஆக மாற்றினால் இரு ரூட்டர்களும் அண்டை உறவை இழந்துவிடும். அப்படி வேண்டுமென்றே கெடுத்துவைத்து, காரணத்தை உங்களையே தேடச் சொல்லும் பாடங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் நாளைய வேலையே கெட்டதைக் கண்டுபிடிப்பதுதான். அதுவுமன்றி, 200-301 தேர்வில் செய்முறைக் கேள்விகளும் வருகின்றன. ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் மீண்டும் அதற்குத் திரும்ப முடியாது என்பதால், அங்கே தயங்கும் விரல்களுக்கு நேரம் போதாது.

அடுத்து, தொகுப்பில் உள்ள 12 படிப்புகள். எண்ணிக்கை கூடுவதற்காகப் பழைய படிப்புகளைத் தொகுப்பில் திணிப்பது பரவலான வழக்கம். ஒவ்வொன்றின் தேர்வு எண்ணையும் பாருங்கள். சிசிஎன்ஏ 200-125 என்றிருந்தால், அந்தத் தேர்வு 2020 பிப்ரவரியிலேயே நின்றுபோனது. நெட்வொர்க் பிளஸ் என்10-008 தேர்வு 2024 டிசம்பரில் நின்றது. அதன் இடத்தில் வந்தது என்10-009. மைக்ரோசாஃப்ட்டின் எம்சிஎஸ்ஏ சான்றிதழே 2021 ஜனவரியோடு விடைபெற்றுவிட்டது. ஆனாலும் அதற்கான காணொளிகள் இன்னும் சலுகைத் தொகுப்புகளில் உலவுகின்றன. எண் சரியாக இருந்தாலும் நுணுக்கமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 200-301 என்ற எண்ணை மாற்றாமலேயே, 2024 ஆகஸ்ட் 20 முதல் சிஸ்கோ அதன் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தது. பப்பெட், செஃப் ஆகிய தானியக்கக் கருவிகள் நீங்கி டெராஃபார்ம் வந்தது. நெட்வொர்க் நிர்வாகத்தில் செயற்கை நுண்ணறிவு, இயந்திரக் கற்றல் பற்றிய பகுதியும் சேர்ந்தது. பாடப்பட்டியலில் டெராஃபார்ம் என்ற சொல்லே இல்லையென்றால், அந்தப் படிப்பு அதற்குப்பின் திருத்தப்படவில்லை என்று பொருள்.

'ஆயுள் முழுவதும்' என்ற வாக்குறுதிக்கும் இதுவே பதில். சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ் இரண்டும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சான்றிதழே மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும் துறையில், பழைய காணொளியை முப்பது ஆண்டுகள் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடிகாரத்தைப் பொறுத்தவரை, பக்கத்தை மூடிவிட்டு நான்கு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். அநேகமாக அது மீண்டும் இரண்டு நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

இனி, நேரடியாகச் சொல்கிறேன்: இந்தத் தொகுப்பை இப்போது வாங்க வேண்டாம். உண்மையான கருவிகள் இல்லாமலே கணினியில் நெட்வொர்க் அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருளை, அந்நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமி இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சிசிஎன்ஏ தேர்வுக்குரிய தலைப்புகளின் பட்டியலும் சிஸ்கோ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்று வாரங்களுக்கு, நாள்தோறும் ஒரு மணி நேரம், இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு முயலுங்கள். இரண்டு ஸ்விட்ச்களை இணைத்து, இரண்டு விலான்களை (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனியாக இயங்கும் நெட்வொர்க்குகளை) பிரித்து, அவை ஒரு ரூட்டர் வழியாகப் பேசிக்கொள்ளும்படி செய்யுங்கள். ரூட்டரின் இன்டர்ஃபேஸ் (கேபிள் இணையும் வாசல்) இயல்பாகவே மூடிய நிலையில் இருக்கும். அதைத் திறக்கும் 'நோ ஷட்டவுன்' கட்டளையைக் கொடுக்க மறந்து முதல் நாள் முழுவதும் திண்டாடுவீர்கள். திண்டாடுங்கள், நல்லது. அந்த மூன்று வாரத்துக்குப் பின்னும் ஆர்வம் குறையாமல் இருந்தால், எந்த இடத்தில் உங்களுக்கு ஆசிரியரின் துணை வேண்டும் என்பது தெளிவாகிவிடும். அப்போது சிசிஎன்ஏவுக்கென்றே உள்ள ஒரே ஒரு படிப்பை, பணத்தைத் திருப்பித் தரும் கால வரம்பையும், மாதந்தோறும் தானாகக் கட்டணம் பிடிக்கும் ஏற்பாடு உண்டா என்பதையும் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்குத் தள்ளுபடி கிடைத்தால் தாராளமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். விலை குறைந்த படிப்பெல்லாம் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வகுப்புகளும் இருக்கின்றன. வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கும் ஒருவருக்கு இந்தத் தேர்வுக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் தேவைப்படும் என்பது என் கணிப்பு. அந்த மாதங்கள்தாம் நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை.

கேள்வி: முதலில் நெட்வொர்க் பிளஸ் எழுதிவிட்டுப் பிறகு சிசிஎன்ஏவுக்குப் போக வேண்டும் என்கிறார்களே, கட்டாயமா?
– கல்லூரி இறுதியாண்டு மாணவி

பதில்: கட்டாயம் இல்லை, அம்மா. சிசிஎன்ஏ தேர்வுக்கு முன்தகுதி எதையும் சிஸ்கோ கேட்பதில்லை. நெட்வொர்க் பிளஸ் எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராமல் அடிப்படைகளைச் சோதிக்கிறது. சிசிஎன்ஏ அதே அடிப்படைகளோடு, சிஸ்கோ கருவிகளில் அவற்றைச் செயல்படுத்தவும் எதிர்பார்க்கிறது. நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் வேலை அறிவிப்புகள் இருபதை எடுத்து, எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் தேர்வுக் கட்டணம் கட்டும் வசதி இல்லையென்றால், நான் சிசிஎன்ஏவையே சொல்வேன். இன்னொரு செய்தி: உங்கள் கல்லூரி சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இணைந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். அதன் சிசிஎன்ஏ பாடங்களை உரிய மதிப்பெண்ணோடு முடிக்கும் மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்திலேயே சலுகை பெறும் வாய்ப்பு இருக்கிறது. நாடிப் போக வேண்டிய தள்ளுபடி அது.

கேள்வி: நான் சேர்ந்துள்ள படிப்போடு 'தேர்வில் வந்த உண்மைக் கேள்விகள்' என்று ஒரு கோப்பையும் இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அதை வைத்துப் படிக்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: திறக்காமல் அழித்துவிடுங்கள். டம்ப்ஸ் எனப்படும் இந்தக் கோப்புகள் தேர்வு ஒப்பந்தத்தை மீறித் திருடப்பட்டவை. தேர்வெழுதும் முன் நீங்களும் அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டே உள்ளே நுழைகிறீர்கள். மீறியது தெரிந்தால் சான்றிதழ் பறிபோவதோடு, மேலும் தேர்வெழுதத் தடையும் வரலாம். அவற்றில் தவறான விடைகள் மலிந்திருக்கும் என்பது வேறு. அதைக் கொடுத்த படிப்பின் மற்றப் பாடங்களையும் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: 2019இல் ஒரு சலுகையில் வாங்கிய சிசிஎன்ஏ 200-125 படிப்பு என்னிடம் அப்படியே இருக்கிறது. இப்போதுதான் படிக்க நேரம் வாய்த்திருக்கிறது. பணம் வீண்தானா?
– இரவுப் பணியில் இருக்கும் வாசகர்

பதில்: முழுவதும் வீணில்லை. ஓஎஸ்ஐ அடுக்குகள், சப்நெட்டிங், விலான், டிரங்க், ஸ்பானிங் ட்ரீ, ஓஎஸ்பிஎஃப், அணுகல் பட்டியல்கள், நாட் (முகவரி மாற்றம்) ஆகிய பாடங்களின் அடிப்படை மாறவில்லை. அவற்றை அந்தக் காணொளிகளிலேயே தயங்காமல் படியுங்கள். ஈஐஜிஆர்பி, ஆர்ஐபி ஆகிய வழிகாட்டு நெறிமுறைகளின் அமைப்பு முறைகளையும் பிபிபி இணைப்புகளையும் தேர்வுக்காகப் படிக்க வேண்டியதில்லை. பிரேம் ரிலே என்ற பழைய தொலைதூர இணைப்பு முறை பற்றி நீண்ட பாடம் இருந்தால், அந்தப் பகுதி 2016க்கும் முந்தைய பாடத்திட்டத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது, தாண்டிச் செல்லுங்கள். உங்கள் படிப்பில் இல்லாதவற்றையும் மேலோட்டமாக மட்டுமே வந்தவற்றையும் வேறிடத்தில் தேட வேண்டும்: வயர்லெஸ் கன்ட்ரோலர் அமைப்பு, டிஹெச்சிபி ஸ்னூப்பிங், ஏஆர்பி சோதனை போன்ற ஸ்விட்ச் பாதுகாப்புகள், தானியக்கத்துக்கு உரிய ரெஸ்ட் ஏபிஐ, ஜேசன், ஆன்சிபிள், டெராஃபார்ம். தானியக்கப் பகுதிக்குத் தேர்வில் 10 சதவீத மதிப்பும், பாதுகாப்புக்கு 15 சதவீத மதிப்பும் உண்டு. அதிகபட்சமாக 25 சதவீதம் பெறும் ஐபி இணைப்புப் பகுதிக்கு உங்கள் பழைய படிப்பே பெருமளவு போதும். சிஸ்கோவின் தலைப்புப் பட்டியலை அச்செடுத்து, உங்களிடம் உள்ள பாடங்களுக்கு நேரே ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கோடு விழாத தலைப்புகளுக்கு மட்டும் புதிய பாடம் தேடினால் போதும், முழுப் படிப்பை மறுபடியும் வாங்க வேண்டாம்.